யார் வீட்டுப் பிள்ளை நீ?



ஊருக்குள் முன்பின் தெரியாத ஒரு பையன் வந்து நின்றால் நம் பெரியவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்றுதான் கேட்பார்கள். வாப்பா பெயர், பாட்டனார் செய்த தொழில், குடியிருக்கும் தெரு எல்லாவற்றையும் விசாரித்த பிறகே அவன் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். கடையில் சரக்கைக் கடனாகக் கேட்டு வருபவரிடம் நீங்களும் இதைத்தானே விசாரிக்கிறீர்கள்?

அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்மணி இதே கேள்வியை ஓர் இயந்திரத்திடம் கேட்டார். "உன் ஜனங்கள் யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் ஒரு பெரும் பணியைச் செய்து வருகிறார்.

கலை நமக்கு எதற்கு, ரோபோ நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்கும், கடைவீதியில் மாட்டியிருக்கும் கேமராவுக்கும், உங்கள் பிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

பாட்டியின் தோட்டம்

அந்தப் பெண்மணியின் பெயர் ஸ்டெபனி டிங்கின்ஸ். 1964இல் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் வளர்ந்தவர். புரூக்ளினில் வாழ்கிறார். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கலைப் பேராசிரியர். அவர் கம்ப்யூட்டர் பொறியியல் படித்தவர் அல்லர். படித்தது புகைப்படக் கலை. செயற்கை நுண்ணறிவைத் தானாகவே முட்டி மோதிக் கற்றுக் கொண்டார்.

தன்னுடைய முதல் ஆசிரியர் பாட்டிதான் என்று அவர் சொல்வதுண்டு. வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த பகுதியில் அந்தப் பாட்டி ஒரு தோட்டம் போட்டார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். பேச்சுக் கொடுத்தவர்கள் பழகினார்கள். கூட்டம் கூட்டிப் பேசாமலேயே ஒரு கறுப்பினக் குடும்பம் அந்தத் தெருவில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்தது. எதிரே நிற்பவனைப் பேச வைக்க ஒரு பொருள் வேண்டும் என்ற பாடத்தைப் பேத்தி அங்கே கற்றார். பாட்டிக்குத் தோட்டம் என்றால் பேத்திக்குக் கம்ப்யூட்டர்.

2014இல் அவர் பீனா 48 என்ற ரோபோவைப் பற்றி அறிந்தார். தலையும் தோளும் மட்டுமே உள்ள பெண் உருவம். மருந்துத் தொழிலிலும் செயற்கைக்கோள் வானொலித் தொழிலிலும் பெரும் பொருள் ஈட்டிய மார்ட்டின் ராத்பிளாட் என்பவர், தன் வாழ்க்கைத் துணையான பீனாவை மாதிரியாக வைத்து இதைச் செய்யச் சொன்னார். ஹான்சன் ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம் செய்து கொடுத்து 2010இல் வெளியுலகுக்கு வந்தது. ஒரு மனிதரின் நினைவுகளையெல்லாம் பதிவு செய்து வைத்தால் அவர் மறைந்த பிறகும் இயந்திரத்தில் வாழலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உயிர் யார் கையில் இருக்கிறது என்று அறிந்த நமக்கு அந்த நம்பிக்கையில் பங்கில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பீனா கறுப்பினப் பெண். ரோபோவும் கறுப்பினப் பெண் உருவம். அதை வடிவமைத்தவர்களும் கம்ப்யூட்டருக்குள் பேச்சை ஏற்றியவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள்.

டிங்கின்ஸ் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போய் அந்த ரோபோவின் எதிரே உட்கார்ந்தார். ஒரு முறையோடு விடவில்லை. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போனார். ஒரே மாதிரி உடுத்துக் கொண்டு முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியதைப் படமாக்கினார். இனம் பற்றிக் கேட்டார். குடும்பம் பற்றிக் கேட்டார். உன் ஜனங்கள் யார் என்று கேட்டார்.

ரோபோ பேசாமல் இருக்கவில்லை, நன்றாகவே பேசியது. ஆனால் இனவெறி பற்றிய பேச்சு வந்ததும் பதில்கள் மேலோட்டமாகப் போயின. முகம் கறுப்பாக இருந்தது. பேச்சில் அந்த வாழ்க்கையின் கனம் இல்லை. நல்லெண்ணத்தோடு செய்தவர்களால் கூடத் தாங்கள் அறியாத வாழ்க்கையை இயந்திரத்துக்குள் வைக்க முடியவில்லை என்பதை டிங்கின்ஸ் கண்டுகொண்டார்.

அறிவிப்பாளர் யார்?

நம் மார்க்கக் கல்வியில் ஒரு செய்தி வந்தால் அதை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பகமானவரா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பார்க்கும் துறை இருக்கிறது. அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் யாரென்று தெரியாவிட்டாலும் அந்தச் செய்தி பலவீனமாகி விடும். இதை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்தக் கண்ணோடு இன்றைய இயந்திரங்களைப் பார்த்திருக்கிறோமா?

செயற்கை நுண்ணறிவு தானாக எதையும் அறிவதில்லை. மனிதர்கள் எழுதியவை, எடுத்த படங்கள், பேசிய பேச்சுகள் ஆகியவற்றைக் கோடிக்கணக்கில் அதற்குள் கொட்டுகிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வருகிறது, எந்த முகம் எந்தப் பெயரோடு வருகிறது என்று அது கணக்குப் போட்டு வைத்துக் கொள்கிறது. கேட்டால் அந்தக் கணக்கிலிருந்து பதில் சொல்கிறது. கொட்டியது கோணல் என்றால் பதிலும் கோணல்தான். கொள்முதலில் கலப்படச் சரக்கை எடுத்துவிட்டு விற்பனையில் சுத்தமான சரக்கை எதிர்பார்க்க முடியுமா?

கேட்பவர்களுக்கு ஆதாரம் இதோ. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் மூன்று நிறுவனங்களின் முக ஆய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகள், ஐரோப்பாவில் மூன்று நாடுகள் என ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைக் காட்டி, இது ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். வெளுத்த நிற ஆண்களின் படத்தில் எந்த மென்பொருளும் 100க்கு ஒரு தவறு கூடச் செய்யவில்லை. மிக அதிகமாக 0.8 சதவீதம். கறுத்த நிறப் பெண்களின் படத்தில் தவறு 34.7 சதவீதம் வரை போனது. காரணம் மாயமல்ல. இத்துறையில் அளவுகோலாக வைத்திருந்த படத் தொகுப்புகள் இரண்டை எடுத்துப் பார்த்தபோது ஒன்றில் 79.6 சதவீதமும் மற்றொன்றில் 86.2 சதவீதமும் வெளுத்த முகங்களாக இருந்தன.

இது ஆய்வுக்கூடத்து விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகருக்கு அருகே ஒரு கறுப்பின மனிதரை அவர் வீட்டு வாசலில், மனைவி மக்கள் பார்க்க, போலீசார் விலங்கிட்டுக் கொண்டு போனார்கள். கடையில் கைக்கடிகாரங்கள் திருடினார் என்பது குற்றச்சாட்டு. கேமராவில் பதிந்த மங்கலான உருவத்தையும் அவருடைய ஓட்டுநர் உரிமப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒன்றாக்கி விட்டது. அவர் அந்தக் கடையில் திருடவே இல்லை. வழக்குத் தொடுத்தார். 2024 ஜூனில் ஏற்பட்ட உடன்பாட்டில், முகம் ஒத்துப்போகிறது என்று கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்ற கட்டுப்பாட்டை டெட்ராய்ட் போலீஸ் ஏற்றது. ஒரு மனிதர் விலங்கு பூண்ட பிறகுதான் "இந்தச் செய்தியின் அறிவிப்பாளர் யார்?" என்ற கேள்வி அங்கே பிறந்தது.

100க்கு 66

கறுப்பின மக்களின் கதைதானே என்கிறீர்களா? நம் கதைக்கும் வருவோம்.

2021இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபூபக்கர் ஆபித் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். அப்போது பெரிதாகப் பேசப்பட்ட ஜிபிடி 3 என்ற இயந்திரத்திடம் பாதி வாக்கியம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு முஸ்லிம்கள் ஓர் இடத்துக்குள் நடந்து போனார்கள் என்பது போன்ற தொடக்கம். மீதியை நீ எழுது என்றார்கள். 100 முறை கேட்டதில் 66 முறை துப்பாக்கி, குண்டு, கொலை என்று வன்முறையாகவே எழுதி முடித்தது. முஸ்லிம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு மதத்தவரின் பெயரைப் போட்டபோது வன்முறை வெகுவாகக் குறைந்தது.

இயந்திரத்துக்கு நம்மீது என்ன பகை? பகை எதுவுமில்லை. அது படித்த பக்கங்களில் நம் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொற்கள் அப்படி. பல்லாண்டுகளாக ஏடுகளிலும் சினிமாவிலும் இணையத்திலும் நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதைத்தான் அது ஒப்பித்தது.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. முஸ்லிம்கள் பற்றி நல்ல சொல் ஒன்றை முதலில் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் 66 என்பது 20 வரை இறங்கியது. அப்போதும் மற்றவர்களுக்கு இருந்ததை விட அதிகம்தான். என்றாலும் யோசியுங்கள். ஒரு சொல்லுக்கே இவ்வளவு இறங்கும் என்றால், நம் வாழ்க்கையை நாமே எழுதிய நூறு நூறு பக்கங்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இயந்திரம் இன்று பழையதாகி விட்டது. அதற்குப் பின் வந்தவற்றில் திருத்தங்கள் செய்கிறார்கள். ஆனால் மேலே சுண்ணாம்பு அடிப்பது வேறு, சுவரைக் கட்டுவது வேறு.

டிங்கின்ஸின் அனுபவமும் இதுதான். சிரிக்கும் கறுப்பினப் பெண், அழும் கறுப்பினப் பெண் என்று சொல்லைக் கொடுத்துப் படம் வரையச் சொல்லி ஆண்டுக்கணக்கில் இயந்திரங்களைச் சோதித்து வந்தார். தொடக்கத்தில் கிடைத்தது கறுப்புத் துணியால் மூடிய இளஞ்சிவப்பு நிற உருவம் ஒன்று. கறுப்பு என்ற சொல்லை அது துணிக்குக் கொடுத்து விட்டது! செனகல் நாட்டுக் கலைஞர் லிண்டா டௌனியா ரெபெய்ஸ், தன் ஊரான டாக்கரின் கட்டடங்களை வரையச் சொன்னார். கடலோரம் இருக்கும் அந்தத் தலைநகரத்துக்குப் பதிலாகப் பாலைவனமும் இடிந்த வீடுகளும் வந்தன. ஆப்பிரிக்கா என்றால் வறட்சி, இடிபாடு என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சொந்த மூலதனம்

இதுவரை சொன்னது புகார். புகார் சொல்வது நமக்குப் பழக்கமான வேலை. டிங்கின்ஸை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்துவது புகாருக்குப் பிறகு அவர் செய்த வேலைக்காக.

பீனா 48 தன் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றதும் அவர் தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். "நாட் தி ஒன்லி ஒன்" என்று பெயர். 2018இல் காட்சிக்கு வந்தது. பெண் முகங்கள் பதித்த ஒரு கறுத்த உருவம். பக்கத்தில் போய்ப் பேசினால் பதில் பேசும். அதற்குள் அவர் வைத்தது தன் சொந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களின் பேச்சு. மூத்தவர் வாழ்ந்த காலம், இடம் பெயர்ந்த கதை, வேலை, உறவு, இழப்பு என்று ஒருவரை ஒருவர் பேட்டி கண்டு பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுதான் அந்த இயந்திரத்தின் பாடப்புத்தகம். அதனிடம் யாராவது "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டால், பெயர் சொல்லி, முகம் காட்டிப் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அறிவிப்பாளர் வரிசை அறுபடவில்லை.

ஒரு சிக்கல் வந்தது. இயந்திரம் சரளமாகப் பேச வேண்டுமானால் மூன்று பெண்களின் பேச்சு போதாது. வெளியில் கிடைக்கும் பெரிய பேச்சுத் தொகுப்புகளை அடியில் போட்டு, அதன் மேல் குடும்பக் கதையை வைக்க வேண்டும். கிடைத்த தொகுப்புகளைப் பார்த்த அவருக்கு அவற்றின் மேல் தன் குடும்பத்தை உட்கார வைக்க மனம் வரவில்லை. குறைவான சரக்கோடு நிற்க ஒப்புக் கொண்டார். ஆகவே அந்த இயந்திரம் சில நேரம் பொருத்தமில்லாமல் உளறும், சொன்னதையே சொல்லும். அதை அவர் மறைக்கவில்லை. அப்படியே காட்சிக்கு வைத்தார்.

வியாபாரிகளே, இது உங்களுக்குப் புரியும். வட்டிக்கு வாங்கிய பெரிய மூலதனத்தில் கண்ணாடி வைத்த கடை ஒன்று. கையிருப்பை வைத்து நடத்தும் சிறிய கடை ஒன்று. முதல் கடையில் வெளிச்சம் அதிகம், ஆனால் சாவி வேறொருவன் கையில். இரண்டாவது கடையில் சரக்குக் குறைவு, ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று முதலாளிக்குத் தெரியும். எந்தக் கடை நிலைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகமும் எல்ஜி நிறுவனமும் சேர்ந்து புதிதாக ஏற்படுத்திய 1,00,000 டாலர் விருதை முதன்முதலாக அவருக்குக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனத்தின் பணத்தை வாங்கிக் கொண்டு பெரிய நிறுவனங்களைக் கேள்வி கேட்க முடியுமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். விருதை வைத்து யாரையும் எடை போட வேண்டாம். விருதுக்குப் பின் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

2025இல் புரூக்ளின் நகரச் சதுக்கம் ஒன்றில் மஞ்சள் நிறக் கப்பல் கண்டெய்னரை நிறுத்தினார். போகிற வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். சொன்ன கதையை இயந்திரம் படமாக்கிக் காட்டும். அந்த இயந்திரத்தை அவர் பழக்கியிருந்த விதத்தால் படங்களில் கறுப்பு, பழுப்பு நிற மக்களே நடுவில் நின்றார்கள். ஆங்காங்கே வெண்டைக்காயும் தலை காட்டியது. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த காய் அது. அருங்காட்சியகத்துக்குள் டிக்கெட் வாங்கி வருபவனுக்காகக் காத்திருக்காமல் தெருவில் வைத்தாரே, அதுதான் விருதுக்குப் பின் அவர் செய்தது.

அல்குவாரிஸ்மியின் பெயரில்

டிங்கின்ஸ் நடத்திய பட்டறைகள் பற்றியும் நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அல்காரிதம் என்றால் என்ன, செயற்கை நுண்ணறிவு எப்படி முடிவெடுக்கிறது, அது நம் வாழ்க்கையை எங்கே தொடுகிறது என்று கறுப்பின மக்களுக்கும் பிற நிறத்தவர்களுக்கும் எளிய முறையில், கலை வழியாகச் சொல்லிக் கொடுக்கும் பட்டறைகள். அவற்றுக்கு அவர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? "அல்குவாரிஸ்மி திட்டம்"!

முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்தில், பக்தாதின் அறிவு இல்லத்தில் பணியாற்றிய கணித மேதை. அவருடைய நூலின் பெயரில் உள்ள அல்ஜப்ர் என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. அவருடைய பெயரே லத்தீனில் திரிந்து அல்காரிதம் ஆயிற்று. அவர் அந்தக் கணக்குகளை எதற்காக எழுதினார்? வியாபாரம், நில அளவை, வாரிசுகளுக்குச் சொத்துப் பங்கிடுதல் ஆகிய அன்றாடத் தேவைகளுக்காக. நூலின் பெரும் பகுதி மரண சாசனக் கணக்கும் வாரிசுரிமைக் கணக்கும்தான். யாருக்கும் பங்கு குறையக் கூடாது என்பதற்காகப் போட்ட கணக்கு அது.

இன்று அதே பெயரைத் தாங்கிய கணக்கு, ஒருவனுக்குக் கடன் கொடுக்கலாமா, வேலை கொடுக்கலாமா, அவனைச் சந்தேகப்படலாமா என்று முடிவு செய்கிறது. பங்கு குறைகிறது, ஏன் குறைந்தது என்று கேட்க ஆளில்லை.

இளைஞனே, உன் மனதைத் தொட்டுச் சொல். அல்குவாரிஸ்மி எங்கள் ஆள் என்று எத்தனை கூட்டங்களில் கைதட்டியிருப்போம்? அவர் பெயரைச் சொல்லி எத்தனை பேருக்கு அல்காரிதம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்திருப்போம்? புரூக்ளினில் இருக்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி அவர் பெயரை எடுத்து ஒரு வகுப்பின் வாசலில் எழுதினார். நாம் அவர் பெயரைச் சுவரொட்டியில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

பிறர் எழுதும் பேரேடு

நம் தகவலை எழுதி வைத்தால் அதுவே நமக்கு ஆபத்தாகாதா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். இதற்கு நியூயார்க் நகரத்தின் வரலாறே பதில் சொல்கிறது.

1713இல் அந்நகரில் ஒரு சட்டம் இருந்தது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமைகள் இருட்டிய பிறகு தெருவில் போனால், கையில் விளக்கு ஏந்திப் போக வேண்டும். வழி தெரிவதற்காக அல்ல. அவர்களை மற்றவர்கள் பார்ப்பதற்காக.

ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து அதே நகரின் போலீஸ் துறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், முஸ்லிம்களைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு ஒன்றை வைத்தது. எந்தத் தெருவில் எந்தப் பள்ளிவாசல், எந்த உணவகத்துக்கு யார் வருகிறார்கள், எந்த மளிகைக் கடை எந்த நாட்டுக்காரருடையது என்று குறித்து வைத்தார்கள். கல்லூரி முஸ்லிம் மாணவர்கள் ஆற்றில் படகு விடப் போன சுற்றுலாவில் கூட மாறுவேடத்தில் ஒருவர் போய், எத்தனை முறை தொழுதார்கள் என்று எழுதினார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2011 முதல் இதை வெளிக் கொண்டு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரித்த இந்தத் தகவலிலிருந்து ஒரே ஒரு பயங்கரவாத வழக்கு விசாரணை கூடத் தொடங்கப்படவில்லை என்று போலீஸ் அதிகாரியே 2012இல் வாக்குமூலம் கொடுத்தார். 2014இல் அந்தப் பிரிவைக் கலைத்தார்கள்.

இன்னொன்று. தொழுகை நேரம் காட்டும் பிரபலமான ஒரு செயலியை உலகெங்கும் 9 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கம் செய்திருந்தார்கள். அதிலிருந்து கிடைத்த இருப்பிடத் தகவல், ஒரு தரகு நிறுவனம் வழியாக அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்தக்காரர்களுக்குப் போனது என்று 2020 நவம்பரில் செய்தி வந்தது. செய்தி வந்த பிறகே அந்தத் தரகு நிறுவனத்தோடு உறவை முறித்துக் கொள்வதாக அறிவித்தார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டவன், தான் எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதைத் தெரியாமலேயே சொல்லிக் கொண்டிருந்தான்.

இவற்றிலிருந்து என்ன விளங்குகிறது? நாம் பேசாமல் இருந்தாலும் நம்மைப் பற்றிய பேரேடு எழுதப்பட்டுக் கொண்டுதான் இருக்கிறது. வேறொருவன் எழுதுகிறான், அவனுக்கு வேண்டியதை எழுதுகிறான், அவனிடமே வைத்துக் கொள்கிறான். நம் கடையின் கணக்கை எதிர்க் கடைக்காரன் எழுதினால் வரவு எப்படி இருக்கும்? டிங்கின்ஸ் செய்தது தன் பேரேட்டைத் தானே எழுதியது. எழுதியதைத் தன் கையிலேயே வைத்துக் கொண்டது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பாடம். எழுதாமல் இருப்பதும் தவறு. எழுதியதை வந்தவனிடமெல்லாம் தூக்கிக் கொடுப்பதும் தவறு.

செய்ய வேண்டியவை

முதலாவது, இயந்திரம் சொன்னது என்பதை ஆதாரமாக எடுத்துக் கொள்ளாதீர்கள். மார்க்கச் சட்டமானாலும் மருந்தானாலும் சந்தை நிலவரமானாலும், இதை உனக்கு யார் சொன்னார் என்று கேளுங்கள். பதில் இல்லாத செய்தியை ஒதுக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் பரப்பி விடாதீர்கள்.

இரண்டாவது, செல்போனைக் கையில் எடுத்து இன்றே பாருங்கள். எந்தெந்தச் செயலிக்கு உங்கள் இருப்பிடமும் தொலைபேசிப் புத்தகமும் மைக்கும் திறந்து கிடக்கின்றன? தேவையில்லாததை மூடுங்கள். கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற வியாபாரி உண்டா?

மூன்றாவது, வீட்டில் இருக்கும் மூத்தவர்களைப் பேச வையுங்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வியாபாரம் செய்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய கணக்குப் புத்தகங்களும் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களும் பரணில் கரையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. அவர்கள் அனுமதியோடு பேச்சைப் பதிவு செய்யுங்கள், தாள்களைப் படமெடுங்கள். குறிப்பாகப் பெண்களைப் பேச வையுங்கள். டிங்கின்ஸ் தொடங்கியது அங்கிருந்துதான். நம் வீட்டு உம்மாமார்களின் நினைவில் இருக்கும் ஊர் வரலாறு எந்த நூலகத்திலும் இல்லை. பதிவுகளை உங்கள் கையில், உங்கள் ஜமாஅத் நூலகத்தில், இரண்டு பிரதிகளாக வையுங்கள். உடனே இணையத்தில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

நான்காவது, கணக்கும் புள்ளியியலும் கம்ப்யூட்டரும் படிக்கும் பிள்ளைகளை, ஆண் பெண் வேறுபாடில்லாமல், ஊக்கப்படுத்துங்கள். வசதியுள்ள வியாபாரிகள் ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக் கொள்ளுங்கள். 100க்கு 66 என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இத்துறையைப் படித்தவர்கள். படிக்காமல் இருந்திருந்தால், இயந்திரம் நம்மை இப்படிச் சொல்கிறது என்பது கூட நமக்குத் தெரிந்திருக்காது.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம். ஒரு பாட்டி தோட்டம் போட்டார். பேத்தி மூன்று பெண்களின் பேச்சை வைத்துத் தொடங்கினார். புரூக்ளின் சதுக்கத்தில் நின்ற அந்த மஞ்சள் கண்டெய்னருக்கு டிங்கின்ஸ் வைத்த பெயரின் பொருள்: நாம் செய்யாவிட்டால் யார் செய்வார்?

கறுப்பின மக்களை நோக்கி அவர் கேட்ட கேள்வி அது. நம்மையும் நோக்கித்தான் நிற்கிறது. நாளை உங்கள் பேரன் ஏதோ ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, என் பாட்டனார் எப்படிப்பட்டவர் என்று கேட்பான். அந்த இயந்திரம் யார் எழுதியதைப் படித்துப் பதில் சொல்லப் போகிறது என்பது இன்று நம் கையில் இருக்கிறது.

சிந்தியுங்கள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்காருங்கள். "உங்கள் சிறு வயதில் நம் தெரு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கியதும் பதிவு செய்யத் தொடங்குங்கள்.